விளையாட்டுக்கு ஓடுகிறேன்

வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தைச் சுற்றி விடியற்காலையில் ஓட வருகிறவர்களில் பாதிப் பேராவது ஏதேனும் ஓர் இரத்தப் பரிசோதனை முடிவு கைக்கு வந்த மறுநாள் வந்தவர்களாக இருப்பார்கள். சர்க்கரை, கொழுப்பு, இரத்த அழுத்தம் என்று ஏதோ ஓர் எண் அவர்களைப் படுக்கையிலிருந்து எழுப்பி அனுப்பியிருக்கும். புது ஷூ வாங்கி, கையில் கடிகாரம் கட்டி, முதல் வாரம் முழுக்க மூச்சிரைக்க ஓடுவார்கள். எண் குறைந்ததும் காணாமல் போய்விடுவார்கள், குறையாவிட்டாலும் காணாமல் போய்விடுவார்கள். அவர்களை இளக்காரமாகச் சொல்லவில்லை. பல ஆண்டுகளாக அதே கரையில் ஓடிவரும் ஒருத்திக்குக் கண்ணில் படுவதைத்தான் சொல்கிறேன்: ஓட்டத்தை மருந்தாக எடுத்துக்கொண்டவர்கள் வேளை தவறியதும் விட்டுவிடுகிறார்கள்; விளையாட்டாக எடுத்துக்கொண்டவர்களே நிலைத்து நிற்கிறார்கள். உடம்புக்கு நன்மை இருவருக்கும் கிடைக்கிறது என்றாலும், பின்னவர்களுக்கு அது கேட்காமல் வந்து சேர்கிறது.

எனக்கு ஓட்டம் முதலில் விளையாட்டாகத்தான் அறிமுகமாயிற்று. மேலூர்ப் பக்கத்துக் கிராமத்தில் அறுப்பு முடிந்த வயலில், தாள் காலைக் குத்தக் குத்த, ஒருவரை ஒருவர் தொட்டுப் பிடிக்க ஓடியவர்கள் நாங்கள். அங்கே தூரமும் நேரமும் யாருக்கும் தெரியாது. அம்மா கூப்பிடும்வரை ஓடுவோம், அவ்வளவுதான். பிறகு ஓடுவது, மரம் ஏறுவது, சத்தமாகச் சிரிப்பது ஆகிய மூன்றும் நான் வயதுக்கு வந்த அன்று ஒரே நாளில் நின்றுபோயின. இந்த மனப்பான்மை மேலூர் வட்டாரத்துக்கு மட்டும் உரியது என்று நெடுங்காலம் எண்ணியிருந்தேன். 1928-ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் முதன்முறையாகப் பெண்கள் 800 மீட்டர் ஓடியபோது, ஓடி முடித்தவர்கள் களைத்துக் கிடந்ததைப் பார்த்துப் பதறிப்போய், 1960 வரை அந்தப் போட்டியையே பெண்களுக்கு நடத்தாமல் விட்டுவிட்டார்கள் என்றும், பெண்களுக்கான மாரத்தான் 1984-இல்தான் ஒலிம்பிக்கில் சேர்ந்தது என்றும் பின்னாளில் படித்தபோது, எங்கள் ஊர்ப் பெரிசுகள் மீதிருந்த வருத்தம் கொஞ்சம் குறைந்தது. ஓடி முடித்த ஆண்களும் களைத்துத்தான் விழுகிறார்கள். அதைப் பார்த்து யாரும் பதறியதாகத் தெரியவில்லை.

திரும்ப ஓடத் தொடங்கியபோது நாற்பதை நெருங்கிவிட்டேன். பிள்ளைகள் வளர்ந்திருந்தார்கள், வீடு அனுப்பானடியில் இருந்ததால் தெப்பக்குளம் நடக்கும் தூரம். சுடிதாரும், பின் குத்திய துப்பட்டாவும், மகனின் பழைய கேன்வாஸ் ஷூவுமாக, இருட்டு பிரிவதற்கு முன் ஓடி முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் ஓடிய அந்தக் காலத்தில், ஓட்டத்தைவிடப் பிறர் பார்வையைச் சுமப்பதே கடினமாக இருந்தது. மேல்கரையில் பருத்திப்பால் விற்கும் ஆச்சி ஒருவர்தான் அதை உடைத்தார். நான் அவரைக் கடந்து போவதும் வருவதுமாக இருந்ததைச் சில நாள் பார்த்துவிட்டு, ஒருநாள் அகப்பையைப் போகணிக்குள்ளேயே நிறுத்திக்கொண்டு, “என்னத்தா, அங்கிட்டும் இங்கிட்டும் வெரசா போயிட்டுப் போயிட்டு வாறியே, போன சோலி இன்னும் முடியலையா?” என்று கேட்டார். சோலி ஒன்றும் இல்லை ஆச்சி, சும்மாதான் என்றேன். “சும்மாவா?” என்று வியந்து, சுக்கும் ஏலமும் கருப்பட்டியும் மணக்க ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தார், காசு வாங்கிக்கொண்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்தச் ‘சும்மா’வை அதற்குப் பிறகு யாரிடமும் கூச்சமில்லாமல் சொல்ல முடிந்தது.

தெப்பக்குளம் ஓடுகிறவர்களுக்கென்றே வெட்டியது போலிருக்கும். 1645-இல் திருமலை நாயக்கர் கட்டிய இந்தச் சதுரக் குளத்தை வெளியே ஒருமுறை சுற்றிவந்தால் ஒரு கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும். நடுவில் மைய மண்டபம் எந்தத் திருப்பத்திலும் கண்ணை விட்டு மறையாது. மாலையில் பஜ்ஜிக் கடைகளும் கூட்டமுமாக ஓட இடமே இருக்காது, ஆகையால் காலைதான். ரேஸ்கோர்ஸில் உள்ள எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கத்துச் செயற்கை ஓடுபாதை காலுக்கு இதைவிட இதமானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் நானூறு மீட்டர் வட்டத்தில் ஓடும்போது மனம் தானாகக் கணக்குப் போடத் தொடங்கிவிடுகிறது. கணக்கு வந்தால் எனக்கு விளையாட்டுப் போய்விடும்.

புதிதாக வருகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றே: பக்கத்தில் ஓடுகிறவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தில் ஓடுங்கள், வார்த்தை துண்டு துண்டாக வந்தால் வேகம் அதிகம். அந்த வேகத்தில் தசைகளுக்குத் தேவையான ஆக்சிஜன் தடையின்றிப் போய்ச் சேர்வதால் நெடுநேரம் ஓட முடிகிறது; கொழுப்பும் எரிபொருளாகப் பயன்படுகிறது; மறுநாள் உடம்பு அடித்துப் போட்டது போல் வலிப்பதில்லை. இன்பமும் அந்த வேகத்தில்தான் ஒளிந்திருக்கிறது. இருபது முப்பது நிமிடம் கழிந்தபின் மனம் லேசாகி, முந்தைய நாள் அலுவலகச் சண்டைகூட யாருக்கோ நடந்தது போலத் தோன்றுகிற ஒரு நிலை வரும். இதற்கு எண்டார்ஃபின் என்னும், உடம்பே சுரக்கும் வலிநீக்கிப் பொருள் காரணம் என்று முன்பு எல்லோரும் சொன்னார்கள். ஆனால் இரத்தத்தில் உள்ள எண்டார்ஃபின் மூளைக்குள் எளிதாக நுழைய முடியாது என்பதால், உடம்பு தானே உண்டாக்கிக்கொள்ளும், கொழுப்பில் கரைந்து மூளைக்குள் சுலபமாகச் சென்றுவிடும் கஞ்சாவில் உள்ளவற்றை ஒத்த கன்னாபினாய்டு வகைப் பொருள்களையே ஆய்வாளர்கள் இப்போது காரணமாகச் சுட்டுகிறார்கள். எந்தப் பொருளாக இருந்தால் என்ன, அது நாள்தோறும் வருவதில்லை. வரவேண்டும் என்று காத்திருந்து ஓடினால் வரவே வராது.

இனி வெயில். மதுரையில் ஓடுகிறவருக்கு உண்மையான எதிராளி தூரமோ வயதோ அல்ல, பங்குனிக்குப் பிறகு வருகிற வெயிலும் புழுக்கமும்தான். விடியற்காலையில் ஓடினால் வெயிலிலிருந்து தப்பிவிடலாம் என்று நினைப்பது பாதி உண்மை. வெப்பநிலை அப்போது குறைவாக இருந்தாலும், ஒரு நாளில் காற்றின் ஈரப்பதம் உச்சத்தில் இருப்பதும் அதே நேரத்தில்தான். வியர்ப்பதால் உடம்பு குளிர்வதில்லை, வியர்வை ஆவியாவதால்தான் குளிர்கிறது. ஆவியாகாமல் முதுகிலும் முழங்கையிலும் வழிந்து சொட்டுகிற வியர்வை வெறும் நீர் இழப்பு. அப்போது இதயம் தசைக்கும் இரத்தம் அனுப்ப வேண்டும், சூட்டை வெளியேற்றத் தோலுக்கும் அனுப்ப வேண்டும். அதனால்தான் மார்கழியில் சிரித்துக்கொண்டே ஓடிய அதே தூரம், அதே வேகத்தில், சித்திரையில் நெஞ்சை அடைக்கிறது. உடம்புக்கு ஒரு பத்துப் பதினைந்து நாள் அவகாசம் கொடுத்து, வேகத்தைக் குறைத்துத் தொடர்ந்து ஓடினால் அது பழகிக்கொள்ளும்: இரத்தத்தின் நீர்மப் பகுதி கூடுகிறது, வியர்வை முன்கூட்டியே சுரக்கத் தொடங்குகிறது, அந்த வியர்வையில் உப்பும் குறைவாகவே வெளியேறுகிறது. அக்னி நட்சத்திர நாட்களில் நான் தூரத்தைப் பாதியாக்கிவிடுவேன். முந்தின இரவுச் சோற்றில் ஊற்றிய நீராகாரத்தில் உப்பும் இரண்டு சின்ன வெங்காயமும் போட்டுக் குடித்துவிட்டுக் கிளம்புவது எங்கள் வீட்டுப் பழக்கம். நீண்ட ஓட்டத்தில் வெறும் தண்ணீரை மட்டும் தாகத்துக்கு மேல் குடம் குடமாகக் குடிப்பதும் ஆபத்து. இரத்தத்தில் சோடியம் குறைந்து மயக்கமும் குழப்பமும் வரும். தலை சுற்றி, உடம்பு சில்லிட்டுப் புல்லரித்தால் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். அப்போது வீறாப்புக் கூடாது.

நாய்களைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. ஓடுவதை நிறுத்தி, கண்ணுக்குக் கண் பார்க்காமல், மெல்ல நடந்து அவற்றின் எல்லையைத் தாண்டுவதே வழி. கடித்துவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ஊசி போடப் போக வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் குதிகால் வலி வந்தது. இதை அனுபவித்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம், மற்றவர்களுக்குச் சொல்கிறேன். காலையில் கட்டிலிலிருந்து இறங்கி முதல் அடி வைக்கும்போது, குதிகாலின் உட்பக்கத்தில் ஆணி அடித்தாற்போல ஒரு குத்து. இரண்டாவது அடியில் சுவரைப் பிடிப்பேன், ஐந்தாவதில் குளிர்பதனப் பெட்டியைப் பிடிப்பேன், அடுப்படிக்குள் போய்ப் பால் காய்ச்சும் நேரத்துக்குள் வலி மங்கிவிடும். மறுபடி உட்கார்ந்து எழுந்தால் குத்து திரும்ப வரும். குதிகாலையும் விரல்களையும் இணைக்கும் உள்ளங்கால் சவ்வு, தாங்க முடியாத அளவுக்கு மீண்டும் மீண்டும் இழுபடுவதால் வருவது இது. படிக்கட்டு விளிம்பில் முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலை மெதுவாக ஏற்றி இறக்குவதும், கெண்டைக்கால் தசையை நீட்டி விடுவதும், தண்ணீர் உறையவைத்த பாட்டிலை உள்ளங்காலால் உருட்டுவதும் என்று மாதக்கணக்கில் பொறுமையைச் சோதித்துத்தான் போயிற்று. அந்த மாதங்களில் தெரிந்த உறவினர் அத்தனை பேரும் ஒரே பாட்டுத்தான் பாடினார்கள்: “இந்த வயசுல ஓடுனா முட்டி தேஞ்சு போகும்.” 2017-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், பொழுதுபோக்காக ஓடுகிறவர்களில் ஏறத்தாழ 3.5 விழுக்காட்டினருக்கே இடுப்பு அல்லது முழங்கால் மூட்டுத் தேய்வு இருந்தது. உட்கார்ந்தே வாழ்கிறவர்களில் அது சுமார் 10 விழுக்காடு, போட்டிக்காகக் கடுமையாக ஓடியவர்களில் சுமார் 13 விழுக்காடு. ஓடுகிறவர்கள் இயல்பிலேயே ஒல்லியானவர்களாகவும் மூட்டு நன்றாக உள்ளவர்களாகவும் இருக்கலாம் என்பதால், ஓட்டம்தான் மூட்டைக் காத்தது என்று இந்த எண்களை வைத்து அடித்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் ‘தேஞ்சு போகும்’ என்று அடித்துச் சொல்வதற்கும் அவை இடம் தரவில்லை. என் சித்தி இந்தப் பதிலை ஏற்கவில்லை. அவருக்கு வலியே சாட்சி.

ஐம்பதை ஒட்டி மாதவிடாய் நின்ற பிறகு வந்தது வேறு வகைச் சோதனை. இரவில் திடீரென்று உடம்பு கொதித்து உறக்கம் கலையும்; காலையில் கால் இரும்பாகக் கனக்கும். ஈஸ்ட்ரோஜன் குறையும்போது எலும்பின் அடர்த்தியும் தசையும் குறைகின்றன. தரையில் காலடி அழுந்தி விழும் ஓட்டம் எலும்புக்கு நல்லதுதான் என்றாலும் அது மட்டும் போதாது, எடை தூக்கும் பயிற்சியும் வேண்டும் என்று தெரிந்துகொண்டு, வாரத்தில் இரண்டு மூன்று நாள் மொட்டை மாடியில் மணல் நிரப்பிய பாட்டில்களைத் தூக்குகிறேன். வேகம் என்னவோ குறைந்துகொண்டேதான் போகிறது. உடம்பு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் முப்பது வயதுக்குமேல் பத்தாண்டுக்கு ஏறத்தாழ 10 விழுக்காடு குறைகிறது, தொடர்ந்து ஓடுகிறவர்களுக்கு அந்தச் சரிவு மெதுவாக நிகழ்கிறது, நிற்பதில்லை. கடிகாரத்தைப் பார்த்து ஓடுகிறவர்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் இது ஒரு தோல்வி. நான் கடிகாரத்தை அலமாரியில் வைத்துவிட்டேன். நான்கு சுற்று ஓடிய நேரத்தில் மூன்று சுற்று ஓடினால், மண்டபத்தைப் பார்க்கும் நேரம் குறைவதில்லையே.

எண்பதுக்கு மேல் ஓடத் தொடங்கி, 2000-ஆம் ஆண்டில் லண்டனில் முதல் மாரத்தானை முடித்து, 2011-இல் நூறு வயதில் டொரன்டோ மாரத்தானையும் முடித்த ஃபவுஜா சிங்கை எனக்கு இதனால்தான் பிடிக்கும். பிறப்புச் சான்றிதழ் இல்லை என்பதால் கின்னஸ் அதைப் பதிவு செய்யவில்லை. என் அப்பத்தாவிடம் கேட்டால் ‘தாது வருசப் பஞ்சத்துக்கு அப்புறம்’ என்பதற்கு மேல் வயது சொல்லத் தெரியாது. சான்றிதழ் பார்த்துத்தான் உடம்பு மூப்படைகிறதா என்ன?

வேகத்தை நான் மதிக்கவில்லை என்று யாரும் எண்ண வேண்டாம். மதுரைக்குக் கிழக்கே சக்கிமங்கலத்தில் பாட்டி வளர்த்த பெண்ணான ரேவதி வீரமணி, தொடக்கத்தில் வெறுங்காலோடு பந்தயங்களில் ஓடி, 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கின் கலப்பு 4x400 மீட்டர் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். அந்த ஓட்டத்தைத் தொலைக்காட்சியில் நின்றுகொண்டேதான் பார்த்தேன். அது உழைப்பு, அது தொழில், அதன் வலி வேறு. நகரத்தில் இப்போது நடக்கிற மாரத்தான்களில், பனியன் வாங்கி, பதக்கம் மாட்டி, படம் எடுத்துக்கொண்டு, பத்து கிலோமீட்டர் முடிப்பதற்குள் யாரை முந்தினோம் என்று கணக்குப் பார்க்கிற எங்களைப் போன்றவர்கள் அந்த உழைப்பையும் செய்வதில்லை, விளையாட்டையும் கெடுத்துக்கொள்கிறோம் என்பது என் கட்சி. கட்டணமும் ஏறிக்கொண்டே போகிறது.

எனக்குப் பிடித்த நெடுந்தூரம் அழகர்கோவில் சாலை. நகரத்திலிருந்து இருபது கிலோமீட்டரை ஒட்டி வரும். தெப்பக்குளத்தில் தொடங்கிக் கொஞ்சம் சுற்றிப் போனால் அரை மாரத்தானின் 21.1 கிலோமீட்டரை எட்டிவிடலாம். தல்லாகுளம், புதூர், மூன்றுமாவடி என்று அழகர் சித்திரையில் வருகிற வழியில் எதிர்த் திசையில் ஓட வேண்டும். கடச்சனேந்தல்வரை லாரியும் தூசியும்தான். அப்பன்திருப்பதி தாண்டியபின் மலை முழுசாகத் தெரியத் தொடங்கும், கள்ளந்திரியில் பெரியாறு வாய்க்காலில் தண்ணீர் போனால் காற்றே மாறும். கல்லூரியில் படிக்கும் என் அண்ணன் மகள் இந்த மார்கழியில் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறாள். “அத்தை, என்ன பேஸ்ல ஓடுவீங்க?” என்று கேட்டாள், பேச்சு நிற்காத பேஸ் என்றேன். அவள் மூன்றுமாவடியிலேயே பொறுமை இழந்து முன்னே போய்விடுவாள் என்று எனக்குத் தெரியும். போகட்டும், அழகர்கோவில் கோட்டை வாசலில் காத்திருக்கட்டும். சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால், திரும்பி வருவதற்கு எடுத்துவைக்கும் காசில் இரண்டு பேருக்கும் இட்லி சாப்பிட்டுக்கொள்ளலாம்.