முதல் ஆப்புக்கு எதை எடுப்பது? படித்துக்கொண்டிருக்கும்போது எனக்குக் கைகொடுத்த சில யோசனைகள்

மொபைல் ஆப் எழுதும் பாடம் பார்த்து முடித்தாயிற்று. பட்டன் வைக்கத் தெரியும், ஒரு திரையிலிருந்து இன்னொரு திரைக்குப் போகவும் தெரியும். அப்புறம் என்ன செய்வதென்றுதான் தெரிவதில்லை. பலர் இந்த இடத்தில் சாட் ஆப், வீடியோ ஆப் என்று பெரிதாக ஆரம்பித்து, லாகின் திரையைத் தாண்டாமலே விட்டுவிடுகிறார்கள். நான் வைத்துக்கொண்ட கணக்கு வேறு: ஒவ்வொரு ஆப்பிலும் எனக்குத் தெரியாத விஷயம் ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். நான் ஆண்ட்ராய்டில் கோட்லின் மொழி வைத்துப் படித்தேன். நீங்கள் ஃப்ளட்டரோ ஸ்விஃப்டோ படித்தாலும் வரிசை பெரிதாக மாறாது.

முதலில் அலகு மாற்றி. செல்சியஸைப் ஃபாரன்ஹீட்டாக்க 9-ஆல் பெருக்கி 5-ஆல் வகுத்து 32 கூட்ட வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. ஆனால் கணக்கு முடிந்த பிறகுதான் வேலையே தொடங்குகிறது. பெட்டியைக் காலியாக விட்டு பட்டனை அழுத்துங்கள். அடித்த எழுத்தை எண்ணாக்க வெறும் ‘டுடபிள்’ போட்டிருந்தால் ஆப் அங்கேயே விழும். ‘டுடபிள்ஆர்நல்’ போட்டால் தப்பிக்கும். அடுத்து மைனஸ் 40 போட்டுப் பாருங்கள். இரண்டு அளவிலும் அது ஒரே எண் என்பதால் விடை சரியா என்று உடனே தெரிந்துவிடும். எண்களுக்கான கீபோர்டில் மைனஸ் குறியே வராமல் போகலாம் என்பதும் அப்போதுதான் கண்ணில் படும். கடைசியாக போனைப் படுக்கவையுங்கள். சாதாரணமாக, திரை திரும்பினால் ஆண்ட்ராய்டு அந்த ஆக்டிவிட்டியை, அதாவது ஆப்பின் திரையை, அழித்துப் புதிதாகக் கட்டும். திரையைக் கட்டும் கருவியான கம்போஸில் ‘ரிமெம்பர்’ மட்டும் எழுதியிருந்தால் விடை காணாமல் போகும், ‘ரிமெம்பர்சேவபிள்’ என்றால் நிற்கும். திரை எப்போது பிறந்து எப்போது அழிகிறது என்று சொல்லும் லைஃப்சைக்கிள் பாடத்தைப் பக்கம் பக்கமாகப் படித்ததைவிட இந்த ஒரு திருப்பலில் எனக்கு அதிகம் விளங்கியது.

எல்லாரும் முதலில் கைவைக்கும் கால்குலேட்டரை நான் சொல்லமாட்டேன். பார்க்கத்தான் எளிது. 2 + 3 × 4 என்று அடித்தால் 14 வரவைப்பதற்குள் ஆப் படிப்பு போய் அல்காரிதம் படிப்பாகிவிடும்.

என்னைக் கேட்டால், ஆரம்ப நிலைக்கு மிக நல்ல ப்ராஜெக்ட் டைமர்தான். 25 நிமிடம் படிப்பு, 5 நிமிடம் ஓய்வு என்று ஓடும் பொமோடோரோ டைமர் போதும். எல்லாருக்கும் முதலில் தோன்றுவது, நொடிக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டே வருவது. ஆப் திரையில் இருக்கும்வரை அது ஓடும். வேறு ஆப்புக்குப் போனதும் சிஸ்டம் நம் ஆப்பை எப்போது வேண்டுமானாலும் மூடலாம். திரும்பி வந்தால் கணக்கு கலைந்திருக்கும். அதனால் மீதி நொடியைச் சேமிக்காதீர்கள், முடியும் நேரத்தைச் சேமியுங்கள். திரை வரும்போதெல்லாம் அதிலிருந்து இப்போதைய நேரத்தைக் கழித்தால் மீதி கிடைத்துவிடும். ‘இப்போதைய நேரம்’ என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. போனின் கடிகாரத்தை யாராவது மாற்றினால் டைமரும் குழம்பும். அதற்குத்தான் போன் பூட் ஆனதிலிருந்து எண்ணும் ‘எலாப்ஸ்டுரியல்டைம்’ இருக்கிறது. போன் உறங்கினாலும் அது எண்ணும். ரீஸ்டார்ட் செய்தால் மட்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

டைமர் முடிந்ததும் ஒலிக்க வேண்டுமே? ஆண்ட்ராய்டு 13 முதல் நோட்டிஃபிகேஷனுக்குப் பயனரிடம் அனுமதி கேட்க வேண்டும். அவர் மறுத்தால் என்ன காட்டுவீர்கள் என்பதையும் எழுதுங்கள். இதே ஆப்பை மருந்து நினைவூட்டியாக மாற்றினால் இன்னொரு பாடம் கிடைக்கும்: போன் அணைந்து எழுந்தால் வைத்திருந்த அலாரங்கள் எல்லாம் அழிந்துபோகும், பூட் முடிந்ததும் சிஸ்டம் அனுப்பும் செய்தியைப் பிடித்து அவற்றைத் திரும்ப வைக்க வேண்டும்.

அடுத்து டேட்டாபேஸ். டூ-டூ லிஸ்ட் எழுதலாம், தவறில்லை. ஆனால் செலவுக் கணக்கு அதே உழைப்பில் கூடுதலாகக் கற்றுக்கொடுக்கும். தொகையைப் புள்ளி வைத்த எண்ணான ‘டபிள்’ ஆக வைக்காதீர்கள். 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று வரும். நாணயத்தின் மிகச் சிறிய அலகில் முழு எண்ணாக வைத்து, காட்டும்போது மட்டும் புள்ளி போடுங்கள். ஆண்ட்ராய்டின் டேட்டாபேஸ் லைப்ரரியான ‘ரூம்’ கொண்டு சேமித்து, கொஞ்ச நாள் நீங்களே பயன்படுத்திய பிறகு அட்டவணையில் ‘வகை’ என்று ஒரு நெடுவரிசை சேருங்கள். பழைய டேட்டாபேஸைப் புதிய வடிவத்துக்கு மாற்றும் மைக்ரேஷனை எழுதாவிட்டால் ஆப் திறக்கும்போதே விழும். ஆப்பை அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்யும் குறுக்குவழி இங்கே வேண்டாம். உள்ளே உங்கள் உண்மையான கணக்கு இருக்கும்போதுதான் மைக்ரேஷனை மனசு வைத்து எழுதுவீர்கள்.

நெட்வொர்க்குக்கு வானிலை ஆப். வானிலைத் தகவல் தரும் ஓப்பன்-மீட்டியோவை வணிக நோக்கமில்லாத வேலைக்கு ஏபிஐ கீ (சேவையைப் பயன்படுத்தத் தரும் ரகசியக் குறி) இல்லாமலே பயன்படுத்தலாம் என்பதால் கீயை மறைக்கும் தலைவலி இப்போதைக்கு இல்லை. ஃப்ளைட் மோடில் திறந்து பார்த்து, சுழலும் வட்டம் நிற்காமல் சுற்றினால் அதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும்.

ப்ளே ஸ்டோருக்கு அவசரப்பட வேண்டாம். புதிதாகத் தொடங்கும் தனிநபர் கணக்கென்றால், வெளியிடும் முன் 12 பேரைத் தொடர்ந்து 14 நாள் டெஸ்டராக வைத்திருக்கச் சொல்கிறார்கள். அதற்கு முன் ஆப்பை நேராக இன்ஸ்டால் செய்ய உதவும் ஏபிகே ஃபைலைத் தெரிந்த இரண்டு பேருக்குக் கொடுத்து, எதையும் விளக்காமல் பக்கத்தில் உட்காருங்கள். அவர்கள் விரல் எந்தத் திரையில் தயங்குகிறதோ, அதைக் குறித்துக்கொண்டால் அடுத்த வாரத்து வேலை ரெடி.