கடைசி வேலை நாளோடு முடிந்த கார்டு

கல்யாணமாகி மலேசியாவின் சுங்கை சிப்புட்டுக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. புதுக்கோட்டையில் வளர்ந்தவளுக்கு, சந்தையிலும் கோயிலிலும் தமிழ் காதில் விழுந்ததே பெரிய தெம்பு. மற்றதெல்லாம் சீக்கிரம் பழகிவிட்டது. என் கணவர் பர்ஸில் இருந்த, கம்பெனி கொடுத்த மருத்துவக் காப்பீட்டு கார்டின் கணக்குதான் கடைசிவரை புரியவில்லை.

இவருக்கு ஈப்போ பக்கம் தொழிற்சாலை வேலை. கம்பெனி கார்டில் என் பெயரும் உண்டு. பித்தப்பைக் கல்லுக்கு எனக்கு அறுவைத் தேதி குறித்திருந்த சமயத்தில், இவருக்கு வேறு நல்ல வேலை கிடைத்தது. பழைய வேலையை விட்டுவிட்டார். குறித்த நாளில் நைட்டி, துண்டு, ஃபிளாஸ்க் எல்லாம் பையில் அடுக்கிக்கொண்டு தனியார் மருத்துவமனையில் போய் நின்றோம். கவுண்டரில் இருந்த பெண் கார்டு எண்ணை இரண்டு முறை தட்டிப் பார்த்தாள். "இது பத்து நாளைக்கு முன்னயே முடிஞ்சிருச்சு அக்கா." கடைசி வேலை நாளோடு கார்டும் முடிந்திருந்தது. எங்களிடம் யாரும் சொல்லவில்லை. பையோடு அப்படியே திரும்பினோம்.

அன்று இரவு நியூஜெர்சியில் இருக்கும் அண்ணனிடம் போனில் அழுதேன். அமெரிக்காவில் 1986-இல் வந்த கோப்ரா என்ற சட்டம் இருக்கிறதாம். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கம்பெனி என்றால், வேலையை நாமே விட்டாலும், வேலை போனாலும் அதே காப்பீட்டைப் பொதுவாக 18 மாதம் வரை தொடரலாம். முடிவு செய்ய 60 நாள் அவகாசம். ஆனால் முதலாளி கட்டிவந்த பங்கையும் சேர்த்து முழுப் பிரீமியத்தையும் நாமே கட்டவேண்டும், அதற்கு மேல் 2 சதவீதம் வரை வேறு. அண்ணனுக்கு வேலை போனபோது சேமிப்பெல்லாம் அதில்தான் கரைந்தது. ஆனாலும் அண்ணியின் பிரசவம் அதில்தான் நடந்தது.

மலேசியாவில் அப்படி ஒரு சட்டம் இல்லை. பெர்கெசோ என்ற அரசு சமூகப் பாதுகாப்பு அமைப்பின் வேலை காப்பீடு 2018-இல் வந்தது. வேலை இழந்தவர்களுக்கு அதில் பணம் கிடைக்கும், தானாக விட்டவர்களுக்குக் கிடையாது. சொந்தமாக கார்டு எடுக்கலாம் என்றால் பொதுவாக 30 நாள் காத்திருப்பு. கல், இரத்த அழுத்தம் போன்றவற்றுக்கு 120 நாள். ஸ்கேனில் கல் தெரிந்த பிறகு அதுவும் உதவாது. அரசு மருத்துவமனையில் குடிமகனான இவருக்கு வெளிநோயாளிச் சீட்டு 1 ரிங்கிட், எனக்கு வெளிநாட்டவர் கட்டணம்.

அத்தை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். "அப்பவும் இதே கததான்மா. வேல நின்னா தோட்டம் குடுத்த லயத்து வீட்டக் காலி பண்ணணும். டிரெஸர்கிட்ட மருந்துக்கும் போக முடியாது" என்றார். டிரெஸர் என்றால் தோட்டத்து மருந்தகத்தில் இருந்த மருத்துவ உதவியாளர். அவர் வேலை செய்த இடத்தில் இப்போது செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை, நிற்கிறது. வீடும் வைத்தியமும் வேலையோடு வந்து வேலையோடு போனதை அவர் உடம்பால் அறிந்தவர். எனக்கு அது அன்றுதான் உறைத்தது.

புதுக் கம்பெனி கார்டு மூன்று மாதம் கழித்துத்தான் வந்தது. நல்லவேளை, ஏற்கெனவே இருந்த நோயையும் அது ஏற்றுக்கொண்டது. அதுவரை அத்தை எனக்கென்று தனியாக எண்ணெய் இல்லாமல் சமைத்தார். ரசம், இட்லி, அவித்த கீரை. அப்படியும் சில இரவுகளில் வலது விலாவுக்குக் கீழே வலி பிடுங்கும்போது, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே விடிய வைப்பேன்.

போன மாதம் பக்கத்து வீட்டுத் தம்பி ராஜினாமாக் கடிதம் எழுதி வைத்திருப்பதாகச் சொன்னான். அவன் மனைவிக்கு அடுத்த வாரம் கட்டி எடுக்கவேண்டும். பழைய கார்டு என்றைக்கு முடியும், புதுசு என்றைக்குத் தொடங்கும் என்று எச்.ஆரிடம் கேட்டாயா என்றேன். கேட்கவில்லை. கேட்டு வந்த பிறகு, கடிதத்தை மடித்து அலமாரியில் வைத்துவிட்டான். அவள் தையல் பிரித்து வந்த பிறகுதான் கொடுத்தான்.