பொழுதோட ஒரு கூட்டம், விடிஞ்சதும் ஒரு ஏலம்

"வியாழக்கிழமை பொழுதோட கூட்டம் இருக்கு, வந்துரு" என்று ஈரோட்டுத் தோழி போனில் சொன்னாள். எங்கள் திருச்சிப் பக்கத்தில் பொழுதோட என்றால் இருட்டுவதற்குள் என்று அர்த்தம். எதற்குள் என்று திரும்பக் கேட்டபோதுதான் கொங்கில் அந்தச் சொல்லுக்கே சாயங்காலம் என்று பொருள் என்பது புரிந்தது. ஆறு மணிக் கூட்டம். தலைப்பு, 'செய்தியை நம்பலாமா?'. அவள் போய்வரும் ஒரு சின்ன வாசகர் வட்டம் நடத்துவது.

ஒரு கூட்டத்துக்காக ஊர் விட்டு ஊர் போவார்களா என்று வீட்டில் கேட்டார்கள். பள்ளிபாளையம் சிக்கனும் இருக்கிறதே என்றேன். அது பாதிக் காரணம். மீதிக் காரணம் என் பெரியப்பா. அவர் கதை கூட்டத்திலேயே வரும்.

காலையில் பாசஞ்சர் ரயில். மார்ச் வெயில் ஒன்பது மணிக்கே ஜன்னல் கம்பியைச் சுட வைத்துவிட்டது. குளித்தலை, லாலாப்பேட்டை வரைக்கும் வாழைத் தோட்டங்கள் கூடவே ஓடிவந்தன. கரூர் தாண்டியதும் காட்சி கொஞ்சம் வறண்டது. புகளூரில் வண்டி நின்றபோது பக்கத்தில் இருக்கும் காகிதபுரம் ஞாபகம் வந்தது. 1979-ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய காகித ஆலை அங்கேதான் இருக்கிறது. கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்யும் ஆலை. பத்திரிகை அச்சடிக்கும் தாளும் செய்வதற்காகத் தொடங்கப்பட்டது. எதிர் சீட்டுக்காரர் ஒரு நாளிதழை நான்காக மடித்து விசிறிக்கொண்டிருந்தார். சர்க்கரையைக் கறந்தெடுத்த பிறகு மிஞ்சியதில் செய்தி அச்சிடுகிறோம் என்று ஒரு வரி மனதில் ஓடியது. கொஞ்சம் மேதாவித்தனமாக இருந்ததால் விட்டுவிட்டேன். கொடுமுடி, ஊஞ்சலூர், பாசூர் என்று ஒவ்வொரு ஸ்டேஷனாக மூச்சு வாங்கி வண்டி ஈரோட்டுக்கு வந்து சேர்ந்தது.

தோழி வீட்டில் அரிசிம்பருப்பு சாதம், மேலே நெய், தொட்டுக்கொள்ள வடகம். தோழியின் அப்பா சிவகிரிப் பக்கம் மஞ்சள் விவசாயி. மறுநாள் ஏலத்துக்கு மூட்டைகளை அனுப்பிவிட்டு மகள் வீட்டுக்கு வந்திருந்தார். "கூட்டத்துக்கு நானும் வாரேன் கண்ணு. பேப்பர்க்காரங்க மேல எனக்கு ஒரு கேள்வி இருக்குது" என்றார்.

கூட்டத்துக்கு முன்னால் கருங்கல்பாளையம் போகலாம் என்றேன். வியாழக்கிழமை என்பதால் மாட்டுச் சந்தைக்கு வந்த வண்டிகள் ரோட்டை அடைத்துக்கொண்டிருந்தன. வைக்கோல் உதிர்ந்து கிடந்த சாலையில் ஆட்டோ எருமை வேகத்தில்தான் நகர்ந்தது. நான் பார்க்கப் போனது அங்குள்ள நூலகத்தை. 1921 ஜூலை 31 அன்று கருங்கல்பாளையம் வாசகசாலையின் கூட்டத்தில் பாரதியார் பேசினார். தலைப்பு, மனிதனுக்கு மரணமில்லை. ஆறு வாரம் கழித்து, செப்டம்பரில், அவர் இல்லை. பேசியபோது அவர் சுதேசமித்திரன் நாளிதழில் உதவி ஆசிரியர். ஈரோட்டுக்கு வந்துபோனதைப் பற்றி அந்தப் பத்திரிகையில் அவரே எழுதினார். பேசியவரே நிருபராகவும் இருந்த கூட்டம் அது. உள்ளே மின்விசிறிக்குக் கீழே நாலைந்து பெரியவர்கள் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, வரி விடாமல் படித்தார். நம்பிக்கை குறைந்துவிட்டது என்று பேசப் போகும் கூட்டத்துக்கு முன்னால் இதைப் பார்த்தது நல்லதாகப் போயிற்று.

கூட்டம் ஒரு துணிக்கடைக்கு மேலே, மாடி ஹாலில். நாற்பது நாற்காலி, முப்பத்திரண்டு பேர். எண்ணுவது என் வழக்கம். வாசலில் சுக்குக் காபி. பேச வந்தவர் தமிழ் நாளிதழ் ஒன்றில், வரும் செய்திகளைத் திருத்தித் தலைப்பு வைக்கும் டெஸ்க்கில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கோயமுத்தூர்க்காரர். மைக் கரகரத்ததும் அதை அணைத்துவிட்டு, "நான் தலைப்பு வெக்கிறவன், சத்தம் போடத் தெரியும்" என்றார்.

முதலில் ஒரு கணக்கு சொன்னார். ராய்ட்டர்ஸ் நிறுவனம் என்ற ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வு மையம் ஒவ்வொரு வருஷமும் ஓர் அறிக்கை வெளியிடுகிறது. 2024 அறிக்கையில் 47 நாடுகள். செய்திகளைப் பெரும்பாலும் நம்புகிறோம் என்று சொன்னவர்கள் சராசரியாக நூற்றுக்கு 40 பேர். பின்லாந்தில் 69, இந்தியாவில் 41. ஹாலில் ஒரு முணுமுணுப்பு. 41 அதிகமா குறைவா என்று யாருக்கும் தெரியவில்லை. அவரே சொன்னார்: "இந்தியாவுல அவங்க கேட்டது ஆங்கிலம் தெரிஞ்சு, இணையத்துல செய்தி படிக்கிறவங்களை. அந்த நாப்பத்தொண்ணுல இந்த ஹால்ல இருக்கிற நாம பாதிப் பேர் இல்லீங்க." எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அவர் மேல் நம்பிக்கை வந்த இடம் அது. கையில் இருக்கும் எண்ணின் ஓட்டையையும் சேர்த்துச் சொல்கிற பேச்சாளரை நான் அதிகம் பார்த்ததில்லை.

அப்புறம் தன் தொழிலின் அழுக்கைத் துவைக்க ஆரம்பித்தார். பிரஸ் மீட்டில் கைமாறும் கவர். தாலுகா நிருபருக்கு மாதச் சம்பளம் பேருக்குத்தான். தீபாவளி மலருக்கு இவ்வளவு விளம்பரம் பிடித்துக் கொடு என்ற நெருக்கடிதான் நிஜம். விளம்பரம் கொடுத்த ஜவுளிக்கடைக்காரரைப் பற்றி அந்த நிருபர் எப்படி எழுதுவார்? 2009 மக்களவைத் தேர்தலில் காசு வாங்கிக்கொண்டு வேட்பாளர் புகழைச் செய்தி போலவே போட்டார்கள் என்ற புகார் நாடு முழுக்க எழுந்தது. பத்திரிகைகள் மீதான புகார்களை விசாரிக்கும் பிரஸ் கவுன்சில் அமைத்த துணைக்குழு 2010-ல் நீண்ட அறிக்கை கொடுத்தது. கவுன்சில் முதலில் அதன் சுருக்கத்தைத்தான் வெளியே விட்டது. அந்தக் கவுன்சிலுக்கும் பல் கிடையாது. எச்சரிக்கலாம், கண்டிக்கலாம், அபராதம் போட முடியாது. டிவி அதன் எல்லையிலேயே வராது.

"சார்பு இருக்கலாமுங்க. இதே ஈரோட்டுல 1925 மே 2-ந் தேதி பெரியாரோட குடி அரசு வந்துச்சு. அது யார் பத்திரிகை, எந்தப் பக்கம்னு வாங்குனவனுக்கும் தெரியும், திட்டுனவனுக்கும் தெரியும். நடுநிலைன்னு போர்டு மாட்டிக்கிட்டு உள்ள வேற கணக்கு ஓட்டுறதுதான் தப்பு" என்றார். இதில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. பக்கம் தெரிந்த பத்திரிகையும் பொய் எழுதலாமே. ஆனால் அவர் அதற்குள் நாளிதழின் கடைசிப் பக்கத்தை விரித்துப் பிடித்து, ஆகக் கீழே எறும்பு மாதிரி ஓடும் வரியைக் காட்டிவிட்டார். யார் வெளியிட்டது, எங்கே அச்சடித்தது, ஆசிரியர் யார், செய்தித் தேர்வுக்கு யார் பொறுப்பு. 1867-ஆம் வருஷச் சட்டம் இதைக் கட்டாயமாக்கியது; இப்போது 2023-ல் புதுச் சட்டம் வந்திருக்கிறது. "கேஸ் போடணும்னா யார் மேல போடுறதுன்னு இந்த வரி சொல்லும். வாட்ஸாப்ல வர்றதுக்கு இந்த வரி இல்லை."

இதைக் கேட்டதும் பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் சூப்பர்வைசர். பேசப் பழக்கமில்லாதவர், நாற்காலியைப் பிடித்துக்கொண்டே பேசினார். 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளிகளைத் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவினவே, அந்த நாட்களைப் பற்றி. அவற்றில் ஒன்று திருப்பூரில் பீகார்க்காரர்களுக்குள்ளேயே நடந்த சண்டை. இன்னொன்று கோவையில் உள்ளூர் ஆட்கள் இரண்டு கோஷ்டியாக மோதியது. டிஜிபியே இதை விளக்கிச் சொன்னார். ஆனால் வீடியோ அதற்குள் பாட்னாவைத் தாண்டிவிட்டது. இந்திப் பத்திரிகைகளிலும் அது செய்தியாக வந்தது. "நாங்க கேட்ல இந்தியில எழுதி ஒட்டுனோமுங்க, பயப்படாதீங்கன்னு. ஒருத்தனும் நம்பலை. பேப்பர்ல வந்துருச்சேங்கறாங்க. பவர் டேபிள்ல தைக்கற ஒரு பையன், அவங்கம்மா அழுதுட்டே போன் பண்ணுது. நான் வீடியோ கால்ல அவன் மெஷினைக் காட்டி, டீ குடிக்கிறதைக் காட்டி, அப்புறம் என் மூஞ்சியையும் காட்டுனேன். அந்தம்மா என்னைப் பார்த்துட்டு ஏதோ கேட்டுச்சு. என்னன்னு கேட்டா, இவரு நல்லவரான்னு கேக்குதுன்னான் பையன்." அந்தப் பையன் போகவில்லை. அவன் ரூமில் இருந்த மற்றவர்கள் ஹோலிக்கு முன்னாலேயே ரயிலேறிவிட்டார்கள். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து நேரில் பார்த்துப் போன பிறகுதான் கொஞ்சம் அடங்கியதாம்.

ஒரு கல்லூரிப் பெண், அரசாங்கமே எது பொய் எது மெய் என்று சொல்லிவிட்டால் என்ன என்று கேட்டாள். மத்திய அரசு தன்னைப் பற்றிய செய்திகளுக்கு அப்படி ஓர் அமைப்பு வைக்கப் பார்த்ததையும், 2024 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்ததையும் சொல்லி, "பரீட்சை எழுதுறவனே பேப்பர் திருத்துறதா?" என்று பேச்சாளர் முடித்துக்கொண்டார்.

அப்புறம் நான் கை தூக்கினேன். என் பெரியப்பா 1997-ல் முசிறி ரோட்டில் லாரி மோதி இறந்துபோனார். சைக்கிளில் வந்தார். மறுநாள் நாளிதழில் 'குடிபோதையில் வந்த' என்று இரண்டு சொல் சேர்ந்திருந்தது. வாழ்நாளில் கள்ளைக்கூடத் தொடாதவர். அண்ணன் கடிதத்தோடு அலுவலகத்துக்கு நாலு தடவை நடந்த பிறகு, உள்பக்கத்தில் இரண்டு டெண்டர் விளம்பரங்களுக்கு நடுவே நாலு வரியில் திருத்தம் வந்தது. பெரியம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அண்ணனைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, அதை வெட்டி, பெரியப்பா படத்தின் பின்னால் சொருகி வைத்துக்கொண்டார். முதல் நாள் செய்தியைத் தெருவே படித்தது. திருத்தத்தை வீட்டுக்கு வெளியே யார் படித்தார்கள் என்று தெரியாது. தப்பு வந்த இடத்திலேயே திருத்தமும் வந்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டேன். பாதியில் குரல் கொஞ்சம் தடுமாறிவிட்டது.

அவர் சுற்றி வளைக்கவில்லை. "கௌரவம் குறைஞ்சிடும்னு நினைப்பு. வேற ஒண்ணுமில்லைங்க" என்றார். போலீஸ் கொடுத்த குறிப்பை நிருபர் அப்படியே போனில் படித்திருப்பார், டெஸ்க்கில் ராத்திரி பத்து மணிக்கு யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள், தானே அப்படி எத்தனையோ 'குடிபோதை'யை விட்டிருக்கிறேன் என்றார். 'தி இந்து' 2006-ல் வாசகர் புகாரைக் கேட்பதற்கென்றே தனியாக ஓர் ஆசிரியரை நியமித்து, திருத்தங்களுக்கு ஓர் இடத்தை ஒதுக்கியதைச் சொன்னார். தமிழ் நாளிதழ்களில் அந்தப் பழக்கம் வேர்விடவில்லை. பிறகு, "அந்தத் துண்டு இன்னும் இருக்குதுங்களா?" என்று கேட்டார். பெரியம்மாவும் போய்விட்டார், படம் இருக்கிறது, துண்டும் இருக்கும் என்றேன்.

கடைசிக் கேள்வி தோழியின் அப்பாவுடையது. "பேப்பர்ல நான் நம்பறது மஞ்சள் விலை ஒண்ணுதானுங்க. மீதியும் அந்த மாதிரி ஏன் இருக்கக் கூடாது?" கைதட்டல். பேச்சாளரும் சேர்ந்து தட்டினார், பதில் சொல்லவில்லை.

ராத்திரி காவிரிப் பாலத்தைத் தாண்டிப் பள்ளிபாளையம் போனோம். தேங்காய்ச் சில்லும் சின்ன வெங்காயமும் வரமிளகாயும் தவிர வேறு மசாலா அதிகம் இல்லாத கோழி. காரம் காதுக்கு ஏறியது. தோழியின் அப்பா வரவில்லை. வெள்ளிக்கிழமை ஏலம் இருக்கிறது என்று சீக்கிரம் படுத்துவிட்டார்.

காலையில் அவரோடு ஏலக் கூடத்துக்குப் போனேன். உள்ளே நுழையும்போதே தும்மல். வேகவைத்துக் காயவைத்துப் பாலிஷ் போட்ட மஞ்சள், விரலி தனி, கிழங்கு தனி, வரிசை வரிசையாக மூட்டைகள். வியாபாரிகள் ஒரு விரலியை எடுத்து ஒடித்து உள்நிறத்தைப் பார்க்கிறார்கள், அடுத்த மூட்டைக்கு நகர்கிறார்கள். யாரும் விலையைச் சத்தமாகச் சொல்வதில்லை. எழுதிக் கொடுக்கிறார்கள். யார் எவ்வளவு எழுதினார் என்பது அடுத்தவருக்குத் தெரியாது.

விலை வந்ததும் அவர் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. அவர் சரக்கு நடுவில் எங்கோ போயிருந்தது.

"நாளைக்குப் பேப்பர்ல குறைஞ்ச விலையும் மேல் விலையும் போடுவாங்க கண்ணு. பொய்யே இருக்காது. ஆனா படிக்கறவன் மேல் விலையைப் பாத்துட்டு, மஞ்சக்காரன் கொழிக்கறான்னு நினைச்சுக்குவான்."

"அந்த மேல் விலை எத்தனை மூட்டைக்குப்பா கிடைச்சிருக்கும்?"

"அதோ, தூணோரமா அடுக்கியிருக்குதே, அதுக்கு மட்டும்தான். மூணு மூட்டை."

தூண் பக்கம் போய் எண்ணிப் பார்த்தேன். மூன்றுதான்.