மோன்டெபுல்சியானோவா, மோன்டால்சினோவா?

டஸ்கனிக்குப் போவது என்று முடிவான பிறகு எங்களுக்குள் ஓடிய ஒரே வாக்குவாதம், எந்த ஊரில் தங்குவது என்பதுதான். இரண்டுமே மலை மேல் மதில் கட்டிய பழைய ஊர்கள். இரண்டின் ஒயினுக்கும் இத்தாலியின் உச்சபட்சத் தரச்சான்று 1980-லேயே கிடைத்துவிட்டது, நடுவில் நாற்பது கிலோமீட்டர்கூட இல்லை, போட்டோவில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பலரும் ஒயினை வைத்துத்தான் முடிவெடுக்கிறார்கள். என்னைக் கேட்டால் கார் இருக்கிறதா, சாயங்காலம் என்ன செய்யப் போகிறீர்கள் என்ற இரண்டு கேள்விகள் போதும்.

ஆனாலும் ஒயினைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இரண்டு ஊரிலும் அடிப்படை ஒரே திராட்சைதான், சாஞ்சியோவேசே. மோன்டால்சினோவின் புருனெல்லோ என்ற ஒயினில் அதைத் தவிர வேறு திராட்சை சேர்க்கக் கூடாது. குறைந்தது 2 வருடம் மரப்பீப்பாயில் இருக்க வேண்டும், 2020-ல் பறித்த திராட்சையின் ஒயின் 2025 ஜனவரிக்கு முன்னால் கடைக்கு வரவே முடியாது. இவ்வளவு காத்திருப்புக்கும் சேர்த்துத்தான் விலை வைக்கிறார்கள். அதே ஊரின் ரோஸ்ஸோ என்ற இன்னொரு ஒயினும் அதே திராட்சைதான், ஒரு வருடத்தில் வந்துவிடும், விலையும் பாதிக்குப் பாதி என்கிற அளவுக்கு இறங்கும். மோன்டெபுல்சியானோவின் வீனோ நோபிலேயில் சாஞ்சியோவேசே 70 சதவீதம் இருந்தால் போதும், மற்ற திராட்சையும் கலக்கலாம். எனக்கென்னவோ சாப்பாட்டோடு குடிக்க நோபிலேதான் பிடித்தது, புருனெல்லோ முன்னால் உட்கார்ந்தால் ஏதோ பரீட்சை எழுதுவதுபோல ஒரு பதற்றம் வந்துவிடுகிறது.

ஊர் என்று பார்த்தால் மோன்டெபுல்சியானோவில்தான் சுற்றுவதற்கு நிறைய இருக்கிறது. கீழே போர்த்தா அல் பிராத்தோ என்ற கோட்டை வாசலில் ஆரம்பிக்கும் கடைத்தெரு, வளைந்து வளைந்து ஏறிக்கொண்டே போய் உச்சியில் பியாத்சா கிராந்தே சதுக்கத்தில்தான் மூச்சு விடும். பெட்டியை இழுத்துக்கொண்டு இதில் ஏறுவது சும்மா இல்லை, முழங்கால் வலி உள்ளவர்கள் அறை எந்த உயரத்தில் இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள். வழியில் ஒரு மணிக்கூண்டு, அதன் மேல் வெள்ளை உடையும் கறுப்பு முகமூடியுமாக நிற்கும் புல்சினெல்லா என்ற நாடகக் கோமாளியின் பொம்மைதான் மணி அடிக்கும். உச்சியில் கதீட்ரலின் முகப்பு பூச்சே இல்லாமல் வெறும் செங்கல்லும் கல்லுமாக நிற்கிறது, கட்டி முடிக்காமலே விட்டுவிட்டார்கள். அதே சதுக்கத்தில் ஒரு பழைய மாளிகைக்கு அடியில் நிலவறை. படியில் இறங்க இறங்க வெயில் மறைந்து குளிர் ஏறும், ஈர மரமும் புளித்த திராட்சையும் கலந்த ஒரு வாடை, வரிசையாக ஆளை விட உயரமான பீப்பாய்கள். ஊருக்குள்ளேயே, காலால் நடந்தே இதைப் பார்க்க முடிகிறது என்பதுதான் விஷயம்.

சான் பியாஜியோ தேவாலயம் மட்டும் மதிலுக்கு வெளியே, கீழே இருக்கிறது. 1518-ல் தொடங்கிய கட்டடம், சுற்றிலும் புல்வெளி, தனியாக நிற்கும் அழகு. இறங்கும்போது ஜாலிதான், திரும்பி ஏறும்போது தெரியும்.

மோன்டால்சினோ சின்ன ஊர். 1361-ல் கட்டிய கோட்டை, மதில் மேல் ஏறினால் ஓர்சியா பள்ளத்தாக்கும் அமியாத்தா மலையும் தெரியும், கோட்டைக்கு உள்ளேயே ஒயின் கடை. 1555-ல் சியனா என்ற நகர அரசு புளோரன்ஸிடம் வீழ்ந்த பிறகும் அதன் ஆட்கள் இங்கே வந்து 1559 வரை தாக்குப்பிடித்தார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அந்தச் சுவர்களுக்கு வேறு ஒரு கனம் வரும். ஆனால் ஊரைச் சுற்ற அரை நாள் போதும், இருட்டினால் தெரு அடங்கிவிடும். பெயர் பெற்ற ஒயின் பண்ணைகள் பெரும்பாலும் ஊருக்கு வெளியே சரிவுகளில், முன்பே சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். சுமார் பத்து கிலோமீட்டர் தள்ளி சான்ட் ஆன்டிமோ மடத்துக் கோயில், இதை எக்காரணம் கொண்டும் தவறவிடாதீர்கள்.

இதெல்லாம் கார் இருந்தால்தான். கார் இருந்தாலும் ஓட்டுபவர் குடிக்க முடியாது, ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹால்தான் வரம்பு, இரண்டு பண்ணையில் ருசி பார்த்தாலே தாண்டிவிடலாம். அப்புறம் மதிலுக்குள் வண்டியை விடாதீர்கள், வெளியாட்கள் நுழையக் கூடாத பகுதியைக் கேமரா கவனிக்கும், ஊர் திரும்பிப் பல மாதம் கழித்து அபராதக் கடிதம் வரும்.

கார் இல்லையென்றால் யோசிக்கவே வேண்டாம், மோன்டெபுல்சியானோதான். புளோரன்ஸ்–ரோம் ரயில் பாதையில் கியூசி நிலையத்தில் இறங்கினால் மேலே பஸ் உண்டு. மோன்டால்சினோவுக்கு சியனாவிலிருந்து பஸ்ஸில் வரலாம், ஞாயிற்றுக்கிழமை மட்டும் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒயினுக்காகவே போகிறீர்கள், காரும் இருக்கிறது, ராத்திரி சத்தம் வேண்டாம் என்றால் சரி, மோன்டால்சினோவில் தங்குங்கள். நாங்கள் மோன்டெபுல்சியானோவில் அறை எடுத்து, ஒரு நாள் பியென்சா என்ற ஊரில் நிறுத்தி பெக்கொரீனோ பாலாடைக்கட்டி சாப்பிட்டுவிட்டு மோன்டால்சினோ போய் வந்தோம்.

ஆகஸ்ட் கடைசி ஞாயிறு மோன்டெபுல்சியானோவில் பீப்பாய் உருட்டும் பந்தயம், எட்டுப் பேட்டைக்காரர்கள் 80 கிலோ பீப்பாயை அந்த ஏற்றத்தில் உருட்டிக்கொண்டு ஓடுவார்கள். அதைப் பார்க்க ஆசை இருந்தால் அறையை இப்போதே பிடித்துவிடுங்கள், கூட்டம் ஆகாது என்றால் அந்த வாரத்தை விட்டுவிட்டு செப்டம்பர் அறுவடைக்குப் போங்கள்.