ஏற்காட்டில் தங்க விரும்புவோருக்கு

சேலத்துக்காரர்களான எங்களுக்கு ஏற்காடு என்பது காலையில் ஏறி மாலையில் இறங்கிவிடும் ஊர். வீட்டுக்கு விருந்தினர் வந்தால் ஞாயிற்றுக்கிழமை வண்டியில் அழைத்துச் சென்று, ஏரியில் படகு ஏற்றி, அண்ணா பூங்காவைக் காட்டி, மிளகாய் பஜ்ஜி வாங்கிக் கொடுத்து, இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடுவோம். நகரத்திலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான் என்பதால், அங்கே அறை எடுத்துத் தங்குவது வீண் செலவு என்ற எண்ணமே பலருக்கும் இருக்கிறது. ஆனால் காலை பத்து மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் இடையில் மட்டும் அந்த மலையைப் பார்ப்பவர்கள், அதன் நெரிசலை மட்டும் பார்த்துவிட்டு வருகிறார்கள் என்பது என் உறுதியான கருத்து. சென்னையிலிருந்து வந்த தங்கையின் குடும்பத்தையும் முழங்கால் வலியுள்ள அம்மாவையும் அழைத்துக்கொண்டு, மழைக்காலம் ஓய்ந்த பிறகு அங்கே தங்கியிருந்தபோது கவனித்தவற்றையும், முன்பே அறிந்தவற்றையும் சேர்த்து, தங்கப் போகிறவர்களுக்குப் பயன்படும் வகையில் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நாளை முடிவு செய்ய வேண்டும். சனி, ஞாயிறு இரண்டையும் தவிர்க்க முடிந்தால் பாதி வேலை முடிந்துவிட்டது. வார இறுதியில் சேலம், ஈரோடு, நாமக்கல், தருமபுரி மட்டுமின்றி பெங்களூரிலிருந்தும் வண்டிகள் வந்து குவிவதால் வாடகை ஏறிவிடும். ஏரிச் சாலையில் வண்டியை நிறுத்தவும் இடம் கிடைக்காது. திங்கள் முதல் வியாழன் வரை அதே அறை குறைந்த வாடகைக்குக் கிடைப்பதோடு, ஊரும் தன் இயல்பில் இருக்கும். மே மாதத்தில் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் நடக்கும். மலர்களைப் பார்ப்பதே நோக்கம் என்றால் அப்போது போகலாம். அமைதியாக ஓய்வெடுப்பது நோக்கம் என்றால் அந்த வாரத்தைத் தவிர்ப்பதே நல்லது. விழா நாட்களில் அடிவாரம் வழியாக ஏறி, குப்பனூர் வழியாக இறங்குமாறு போக்குவரத்தை ஒருவழியாக மாற்றுவது வழக்கம் என்பதால், பயண நேரத்தையும் கூடுதலாகக் கணக்கிட வேண்டும். ஊரில் பழைய விடுதிப் பள்ளிகள் இருக்கின்றன. மான்ட்ஃபோர்ட் பள்ளி 1917ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. பிள்ளைகளைச் சேர்க்கவும் விடுமுறைக்கு அழைத்துச் செல்லவும் பெற்றோர் வரும் நாட்களில், சாதாரண வார நாளிலும் அறைகள் நிரம்பிவிடலாம். ஆகவே முன்பதிவு செய்யும்போதே இதையும் விசாரித்துக்கொள்வது நல்லது.

பருவத்தைப் பொறுத்தவரை என் விருப்பம் டிசம்பர் பிற்பகுதியும் ஜனவரியும்தான். வடகிழக்குப் பருவமழை விலகி, மலை பச்சையாகவும் வானம் தெளிவாகவும் இருக்கும். காப்பித் தோட்டங்களில் சிவந்த பழங்களைப் பறித்துக்கொண்டிருப்பார்கள். மார்ச், ஏப்ரலில் முதல் கோடை மழை விழுந்த சில நாட்களில் காப்பிச் செடிகள் ஒரே நேரத்தில் வெள்ளையாகப் பூத்துவிடும். தோட்டத்துக்குள் தங்கியிருப்பவர்களுக்கு மட்டுமே அந்த வாசனை விடியற்காலையில் முழுமையாகக் கிடைக்கும். ஆனால் எந்த வாரம் பூக்கும் என்று முன்கூட்டியே சொல்ல இயலாது. அக்டோபர், நவம்பரில் செல்பவர்கள் மழைச் செய்தியைப் பார்த்துவிட்டே புறப்பட வேண்டும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயல் மழையால் மலைப்பாதையில் மண்சரிவு ஏற்பட்டுப் போக்குவரத்து நிறுத்தப்பட்டதை இந்தப் பகுதி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். பலத்த மழைக்கான எச்சரிக்கை இருக்கும்போது, முன்பணம் போனாலும் பரவாயில்லை என்று பயணத்தைத் தள்ளிப்போடுவதே சரி.

அடுத்தது தங்கும் இடம். இதில்தான் மிகுந்த கவனம் வேண்டும், ஏனென்றால் ஏற்காடு ஒரே இடத்தில் குவிந்த ஊர் அல்ல. ஏரியையும் பேருந்து நிலையத்தையும் சுற்றியுள்ள பகுதி ஒரு வகை. தமிழ்நாடு ஓட்டல் உட்பட எல்லா விலையிலும் விடுதிகள் இங்கே இருக்கின்றன. உணவகம், மருந்துக் கடை, ஏடிஎம் எல்லாம் நடந்து போகும் தூரத்தில் உள்ளன. சொந்த வண்டி இல்லாமல் பேருந்தில் வருபவர்களும் கைக்குழந்தையோடு வருபவர்களும் வேறெங்கும் தேட வேண்டியதில்லை. பகலில் சத்தம் இருக்கும் என்பதே குறை. லேடீஸ் சீட் இருக்கும் மலை விளிம்பை ஒட்டிய பகுதி இரண்டாவது வகை. இங்கே தங்கினால் சேலம் நகரத்தின் விளக்குகள் இரவில் கீழே விரிந்து கிடப்பதைப் பார்க்கலாம். ஆனால் விளம்பரப் படத்தில் காட்டும் அந்தக் காட்சி எல்லா அறைகளிலிருந்தும் தெரியாது. எந்த அறையின் சன்னல் பள்ளத்தாக்கைப் பார்த்திருக்கிறது என்று கேட்டு, அந்த அறையையே தரும்படி உறுதி பெற்றுக்கொள்ள வேண்டும். மூடுபனி இறங்கிவிட்டால் கைக்கெட்டும் வேலிகூடத் தெரியாது என்பதால், காட்சிக்காகக் கூடுதல் வாடகை கொடுப்பவர்கள் இரண்டு இரவுகளாவது தங்கினால்தான் அது பயன்படும்.

மூன்றாவது வகையே எனக்குப் பிடித்தது. நாகலூர், மஞ்சக்குட்டை பக்கம் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் பழைய பங்களாக்களும், தோட்டக்காரர்கள் நடத்தும் சிறிய விடுதிகளும் இந்த வகையைச் சேர்ந்தவை. 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் இந்த மலையில் காப்பியைப் புகுத்தினார் என்று வரலாறு சொல்கிறது. இன்றும் சில்வர் ஓக் மரங்களின் நிழலில் காப்பியும், அந்த மரங்களில் படர்ந்த மிளகுக் கொடியும், இடையிடையே ஆரஞ்சும் பலாவுமாக அமைந்த தோட்டங்கள்தான் சேர்வராயன் மலைக்கு முகம். அதற்குள்ளே தங்காமல் திரும்புவது, இலை போட்ட பந்தியில் தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு எழுவதற்குச் சமம். ஆனால் இங்கே தங்குவதற்குச் சொந்த வண்டி அவசியம். இரவு உணவை மாலைக்குள் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் பக்கத்தில் கடை இருக்காது. கைப்பேசித் தொடர்பு சில சரிவுகளில் கிடைக்காது என்பதால், வீட்டிலிருந்து வேலை பார்க்கும் எண்ணத்தோடு வருபவர்கள் முன்பே கேட்டறிய வேண்டும்.

எந்தப் பகுதியாக இருந்தாலும் முன்பதிவுக்கு முன் தொலைபேசியில் சில கேள்விகளைக் கேட்டுவிடுவது என் வழக்கம். வண்டி அறை வாசல் வரை வருமா, அல்லது சாலையிலிருந்து படி இறங்க வேண்டுமா என்பது முதல் கேள்வி. மலைச் சரிவில் கட்டிய விடுதிகளில் வரவேற்பறை மேலேயும் அறைகள் கீழேயும் இருப்பது சாதாரணம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அந்தப் படிகளே பயணத்தைக் கெடுத்துவிடும். அம்மாவுக்காக இதை அழுத்திக் கேட்டபோது, எதிர்முனையில் பேசியவர் சற்று யோசித்து, “பாட்டிம்மாவுக்குச் சமையல்கட்டுப் பக்கத்து ரூம் கொடுத்திடறேங்க, அதுக்குப் படியே இல்லை” என்றார். வலைத்தளத்தில் அந்த அறையின் படமே இல்லை. கேட்டதால் மட்டுமே கிடைத்தது. சுடுநீர் நாள் முழுவதும் வருமா, குறிப்பிட்ட நேரத்தில் மட்டுமா என்பதும், மின்சாரம் நின்றால் ஜெனரேட்டர் உண்டா என்பதும் அடுத்த கேள்விகள். கோடையில் மலைமேலும் தண்ணீர்த் தட்டுப்பாடு வரும் என்பதால் ஏப்ரல், மே மாதங்களில் தண்ணீரைப் பற்றியும் கேட்க வேண்டும். வாடகை வண்டியில் வருபவர்கள், ஓட்டுநருக்குப் படுக்க இடம் இருக்கிறதா என்று கட்டாயம் கேட்க வேண்டும். மறுநாள் கொண்டை ஊசி வளைவுகளில் நம் குடும்பத்தை இறக்கி வரப்போகிற மனிதரைக் குளிரில் வண்டிக்குள் தூங்கவிடுவது நியாயமும் அல்ல, பாதுகாப்பும் அல்ல.

பாதையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சேலம் புதிய பேருந்து நிலையத்திலிருந்து ஏற்காட்டுக்கு அரசுப் பேருந்துகள் செல்கின்றன. சொந்த வண்டியில் வருபவர்கள் அஸ்தம்பட்டி, கோரிமேடு வழியாக அடிவாரத்தை அடைந்தால், அங்கிருந்து எண்ணிட்ட 20 கொண்டை ஊசி வளைவுகள். வயிற்றைப் புரட்டும் தொல்லை உள்ளவர்கள் புறப்படுவதற்கு முன் அளவாகச் சாப்பிட்டு, பேருந்தின் முன்பக்க இருக்கையில் அமர்ந்து, சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்ற மலைப்பாதை விதியைச் சமவெளியிலிருந்து வரும் பலர் அறிவதில்லை. வளைவுகளில் குரங்குகள் கூட்டமாக அமர்ந்திருக்கும். அவற்றுக்குத் தின்பண்டம் போடாதீர்கள் என்று நான் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். வண்டியிலிருந்து வீசும் பிஸ்கட்டுக்காகக் காட்டை விட்டுச் சாலைக்கு வந்து, சக்கரத்தில் அடிபட்டுச் சாகும் குட்டிகளைப் பார்த்தவர்கள் யாரும் மறுமுறை அதைச் செய்ய மாட்டார்கள். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 சனவரி முதல் தமிழகம் முழுவதும் தடை இருக்கிறது. தண்ணீரை எவர்சில்வர் பாட்டிலில் கொண்டுவந்து, விடுதியிலேயே நிரப்பிக்கொள்வது எளிது.

தங்கியிருப்பவர்களுக்கு மட்டும் கிடைப்பது காலை ஆறு மணி முதல் ஒன்பது மணி வரையிலான நேரம். மலையின் கிழக்கு விளிம்பில் உள்ள பகோடா முனைக்கு அப்போது செல்ல வேண்டும். கற்களைக் கூம்பாக அடுக்கிய அமைப்புகள் நிற்கும் அந்த இடத்தில் பகலில் கடைகளும் கூட்டமுமாக இருக்கும். காலையில் கீழேயுள்ள பள்ளத்தாக்கிலிருந்து சேவல் கூவுவது காதில் விழும். திரும்பி வந்து ஏரியைச் சுற்றி நடந்தால் சிற்றுண்டிக்கு நல்ல பசி எடுத்துவிடும். தோட்டப் பகுதியில் தங்கியிருப்பவர்கள் மட்டும் நன்றாக விடிவதற்கு முன்போ பொழுது சாய்ந்த பிறகோ தனியாக நடக்கக் கூடாது. காட்டெருமைகள் தோட்டங்களுக்குள் வருகின்றன. பார்ப்பதற்குச் சாதுவாக மேய்ந்துகொண்டிருந்தாலும், படம் எடுக்க நெருங்கிச் செல்வது உயிரோடு விளையாடுவதாகும். விடுதிப் பணியாளர் போக வேண்டாம் என்று சொன்னால், ஏன் என்று கேட்காமல் கேட்டு நடக்க வேண்டும்.

சேர்வராயன் கோயிலுக்கு ஒரு முழுக் காலை ஒதுக்குங்கள். கடல் மட்டத்திலிருந்து 1,623 மீட்டர் உயரத்தில், புல்வெளி படர்ந்த மலைமுடியில் அந்தக் குகைக் கோயில் இருக்கிறது. குனிந்து உள்ளே சென்றால் சேர்வராயனும் காவேரி அம்மனும். இந்த மலையின் மக்களான மலையாளிப் பழங்குடியினருக்கு இது குலதெய்வம். காஞ்சிபுரத்திலிருந்து தங்கள் முன்னோர் இங்கே வந்ததாக அவர்களிடையே வழிவழியாகக் கதை உண்டு. மே மாதத் திருவிழாவுக்குச் சுற்றுவட்டார மலைக் கிராமங்கள் அத்தனையும் திரண்டு வரும். ஆகவே அதைச் சுற்றுலா இடங்களின் பட்டியலில் ஒன்றாகக் கருதாமல், கோயிலுக்குச் செல்லும் மனத்தோடு செல்ல வேண்டும். தாவரங்களில் ஆர்வமுள்ளவர்கள் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டத்தைத் தவறவிடக் கூடாது. பூச்சியைப் பிடித்து உண்ணும் குடுவைத் தாவரத்தை என் தங்கை மகன் நெடுநேரம் நின்று பார்த்தது அங்கேதான். கிளியூர் அருவியில் மழைக்காலத்திலும் அதை ஒட்டிய வாரங்களிலும் மட்டுமே நீர் விழும். இறங்கும் படிகள் அதிகம், ஏறும்போது மூச்சு வாங்கும். முதியவர்களை மேலேயே அமர வைத்துவிட்டு மற்றவர்கள் போய் வருவது நல்லது. லேடீஸ் சீட்டுக்கு மாலையில் செல்லுங்கள். தெளிந்த நாளில் மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பு தெரியும். ஜென்ட்ஸ் சீட், சில்ட்ரன்ஸ் சீட், ரோஜாத் தோட்டம் ஆகியவை அதன் அருகிலேயே இருக்கின்றன.

உடை விஷயத்தில் ஊட்டிக்குச் செல்வதுபோல் மூட்டை கட்ட வேண்டியதில்லை. கோடையில் ஒரு சால்வை போதும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஸ்வெட்டர், காதுக்குல்லா, காலுறை வேண்டும். மழைக்காலத்தில் துவைத்த துணி காயாது என்பதால் ஒரு மாற்றுடை கூடுதலாக எடுத்துக்கொள்வது நலம். வழக்கமாக உட்கொள்ளும் மருந்துகளைச் சேலத்திலேயே வாங்கிவிட வேண்டும். ஏற்காட்டில் அரசு மருத்துவமனை இருக்கிறது. ஆனால் பெரிய சிகிச்சை எதுவானாலும் மலையிறங்கிச் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத்தான் வர வேண்டியிருக்கும். இதய நோயோ கடுமையான ஆஸ்துமாவோ உள்ளவர்கள் தோட்டத்தின் உட்பகுதியைத் தவிர்த்து ஊருக்குள் தங்குவதே அறிவுடைமை.

திரும்பும்போது மிளகும் காப்பித் தூளும் வாங்கி வரலாம். காப்பித் தூளில் சிக்கரி எத்தனை பங்கு என்று கேட்டு, கண்முன்னே அரைத்துத் தரும் கடையில் வாங்குங்கள். மிளகைத் தோட்டத்திலேயே விற்றால் அங்கேயே வாங்குவது மேல். இறங்குவதற்கு அடிவாரப் பாதையைவிடக் குப்பனூர்ப் பாதை தூரம் கூடுதல் என்றாலும் வளைவுகள் குறைவு. வயதானவர்கள் வண்டியில் இருந்தால் அதையே தேர்ந்தெடுக்கலாம். எந்தப் பாதையானாலும் ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். என்ஜினை அணைத்தோ நியூட்ரலிலோ வண்டியை உருட்டிவிட்டு, பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் பாதி வழியிலேயே பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். கருகிய வாடை வந்தால் அகலமான இடத்தில் வண்டியை ஓரங்கட்டி, சக்கரங்கள் ஆறும்வரை காத்திருந்துவிட்டுப் புறப்படுங்கள்.