பிரேரணை எழுதப் பழக்குங்கள்

இலங்கையில் உள்ளூராட்சி சபை உறுப்பினர்களுக்கான தலைமைத்துவப் பயிற்சியென்றால் பெரும்பாலும் உரை, தேநீர், சான்றிதழ். அதைவிட, சபையில் முன்வைக்கும் தீர்மான வரைவான பிரேரணையை உருப்படியாக எழுதப் பழக்கினால் பாதி வேலை முடிந்துவிடும்.

“கிண்ணியாவில் வீதி திருத்த வேண்டும்” என்பது பிரேரணையல்ல. எந்த வீதி, எங்கிருந்து எங்கே, எத்தனை மீற்றர், வடிகான் உண்டா, பாதீட்டில் (வரவு செலவுத் திட்டத்தில்) எந்தச் செலவுத் தலைப்பு? எல்லாவற்றுக்கும் முதல், வீதி யாருடையது? ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு; சி, டி மாகாணத்துக்கு. உள்ளூராட்சி சபையின் கை எட்டுவது உள்வீதிகளில்தான். இதைப் பாராமல் நிறைவேற்றிய தீர்மானம் கடிதமாக அலைந்து திரும்பி வரும். வட்டாரத்துச் சனமோ உறுப்பினரைத்தான் ஏசும்.

அடுத்தது, சபையின் உண்மையான பாதீட்டையே மேசையில் வையுங்கள். சம்பளத்தையும் கட்டாயச் செலவுகளையும் கழித்து, மிஞ்சுவதை வட்டாரங்களுக்குப் பிரிக்கச் சொல்லுங்கள். வாய்ச்சண்டை அங்கேதான் தொடங்கும். தொடங்கட்டும்! 2025 மே உள்ளூராட்சித் தேர்தலுக்குப் பிறகு பல சபைகளில் எவருக்கும் அறுதிப் பெரும்பான்மை இல்லை. பேரம் பேசத் தெரியாத தவிசாளருக்குப் பாதீட்டு வாக்கெடுப்பே கண்டம்.

கையேடு தமிழிலும் சிங்களத்திலும் இருக்கட்டும். தமிழ் பேசுவோர் அதிகமுள்ள மூதூர் உறுப்பினரும் சிங்களம் பேசுவோர் அதிகமுள்ள மொரவெவ உறுப்பினரும் ஒரே குழுவில் இருந்தால்தான் திருகோணமலை மாவட்டத்துக்கு அது பயிற்சி.