டிகிரியை விட்டேன், லேத்தில் நின்றேன்

கல்லூரியில் இரண்டாம் ஆண்டின் பாதியில் நின்றுவிட்டேன். வீட்டில் வருமானம் நின்றது, எனக்கும் பாடத்தில் மனம் ஒட்டவில்லை. எது முதலில் என்று இன்றும் எனக்கே தெரியாது. கேட்பவர்களிடம் முதல் காரணத்தை மட்டும் சொல்வேன்.

அடுத்த மூன்று வருடம் கிடைத்த வேலையெல்லாம் பார்த்தேன். டேட்டா என்ட்ரி, கூரியர், போனில் கிரெடிட் கார்டு விற்பது. "உனக்கு என்ன பிடிக்குமோ அதைச் செய்" என்று சொல்லாத ஆள் இல்லை. எனக்குப் பிடித்தது தூக்கமும் சினிமாவும்தான், அதற்கு யார் சம்பளம் தருவார்கள்? கடைசியில் கேள்வியை மாற்றிப் பார்த்தேன். ஒரு நோட்டில் தினமும் ராத்திரி ஒரே ஒரு வரி: இன்று எந்த நேரத்தில் கடிகாரத்தைப் பார்க்காமல் இருந்தேன்? போன் வேலையில் அந்தப் பக்கம் வெறுமையாகவே கிடந்தது. கூரியர் நாட்களில் மட்டும் சில வரிகள் விழுந்தன. பார்த்தால் எல்லாமே வண்டி ரிப்பேரான நாட்கள். செயினைக் கழற்றி மாட்டியது, பிரேக் கேபிள் மாற்றியது. சரி, ஏதோ இரும்பு சம்பந்தமாக என்று மட்டும் புரிந்தது.

லேத் பட்டறைக்குள், அதாவது இரும்பைச் சுழலவிட்டுச் சீவும் மெஷின் இருக்கும் இடத்துக்குள், போனது தற்செயல். தெரிந்தவர் ஒருவரின் பம்ப் மோட்டாரில் ஷாஃப்ட் (சுழலும் தண்டு) தேய்ந்துபோய், அதைச் சரிசெய்ய எடுத்துப் போனேன். கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். இரண்டு மணி நேரம் நின்று பார்த்தேன். தேய்ந்த இடத்தில் வெல்டிங் வைத்து மேடாக்கி, சக்கில் (இரும்பைக் கவ்விச் சுழற்றும் பகுதி) பிடித்து, சுருள் சுருளாகச் சீவி, கடைசியில் புது பேரிங்கைப் பதமாகத் தட்டி உட்கார வைத்தார் அந்த டர்னர். உட்கார்ந்தபோது ஒரு சத்தம் வந்தது. அதுவரை கணகணவென்று இருந்த தட்டல், கடைசி அடியில் 'தொம்' என்று மாறியது. "அண்ணே, இங்க ஆள் எடுப்பீங்களா?" என்று கேட்டேன். அவர் என் கையைத்தான் பார்த்தார். "நாளைக்கு வா. முழுக்கைச் சட்டை போடாதே, மோதிரம் இருந்தா கழட்டிட்டு வா."

முதல் நான்கு மாதம் மெஷினைத் தொடவே விடவில்லை. சுருள் அள்ளுவது, ராடு அறுப்பது, அரம் போட்டுப் பிசிறு எடுப்பது. சக்கை இறுக்கும் சாவியான சக் கீயைச் சக்கிலேயே விட்டுவிட்டு நகர்ந்தால் அன்றைக்குத் திட்டு நிச்சயம், மெஷின் ஓடாவிட்டாலும். யாராவது தெரியாமல் சுவிட்சைப் போட்டால் அந்தச் சாவி எங்கே பறக்கும் என்று யாருக்கும் தெரியாது. அந்தப் பழக்கம் இப்போது என் கையில் ஊறிவிட்டது, வீட்டில் ஸ்பேனரைக்கூட போல்ட்டில் மாட்டியபடி விடமாட்டேன்.

மெஷினில் நின்ற முதல் வாரத்தில் எல்லாரும் செய்யும் தப்பைச் செய்தேன். விட்டத்தில் 1 மில்லிமீட்டர் குறைக்க வேண்டும் என்றால், சீவும் டூலை 0.5 மில்லிமீட்டர் உள்ளே தள்ளினால் போதும். ஜாப் (சீவப்படும் இரும்பு) சுற்றுகிறது, இரண்டு பக்கமும் சேர்ந்துதான் குறையும். நான் 1 முழுதாகக் கொடுத்தேன். ராடு குப்பைக்குப் போனது.

அந்தத் தப்பு ஒரு நாளில் மறந்துபோனது. மறக்காதது வேறொன்று. 60 மில்லிமீட்டர் ஷாஃப்ட், 6212 பேரிங். (பேரிங் எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம் வரும், 12 என்றால் 60. 04-இலிருந்து மேலே இந்தக் கணக்கு பொருந்தும்.) டிராயிங்கில் k6 என்று போட்டிருந்தது. அப்படியென்றால் ஷாஃப்ட் 60.002-க்கும் 60.021-க்கும் நடுவில் நிற்க வேண்டும், பேரிங் அதில் இறுகி உட்கார வேண்டும். நான் வேகமாகச் சீவிக்கொண்டு வந்து, மைக்ரோமீட்டரில் (நுண்ணிய அளவு பார்க்கும் கருவி) 60.015 பார்த்தேன். பிரமாதம். பெருமையாகக் கழற்றி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து பேரிங்கை மாட்டினால், சுத்தியலே வேண்டியிருக்கவில்லை, கையால் தள்ளியதும் வழுக்கிக்கொண்டு போனது.

மறுபடி அளந்தேன். 59.993.

யாரோ மாற்றி வைத்துவிட்டார்கள் என்றே நினைத்தேன், சத்தியமாக. டர்னர் அண்ணன் வந்து, சீவி முடித்த இன்னொரு ஜாப் மேல் என் கையை எடுத்து வைத்தார். சுட்டது. எஃகு ஒரு டிகிரி சூடேறினால் ஒரு மீட்டருக்குச் சுமார் 12 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நீளும். என் ஷாஃப்ட் முப்பது டிகிரி கூடுதலாகச் சூடாக இருந்திருந்தால், 60 மில்லிமீட்டர் விட்டத்துக்கு 0.02-க்குக் கொஞ்சம் மேலே வரும். தலைமுடியின் தடிமனைவிடக் குறைவுதான், ஆனால் நான் தவறவிட்டதும் அதே அளவுதான். அளவுகள் எல்லாம் 20 டிகிரி செல்சியஸில் என்று உலகம் முழுக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. பள்ளியில் வெப்ப விரிவு பாடத்தில் ரயில் தண்டவாளத்து இடைவெளியை எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். அது என் கையில் இருந்த இரும்பிலும் நடக்கும் என்று தோன்றவே இல்லை.

அன்று ராத்திரி அந்தக் கணக்கை நானே திரும்பப் போட்டுப் பார்த்தேன். யாரும் கேட்கவில்லை, பரீட்சையும் இல்லை. பிறகு நோட்டில் எழுத உட்கார்ந்தபோதுதான் மணியைப் பார்த்தேன், பன்னிரண்டு தாண்டியிருந்தது.

அதன்பின் கணக்கு வரிசையாகத் திரும்பி வந்தது. ஒரு முனை விட்டம் 40, மறுமுனை 30, நீளம் 50 என்று டேப்பர் (ஒரு முனை நோக்கிச் சரிந்து குறுகும் வடிவம்) திருப்ப வேண்டும் என்றால், விட்டங்களின் வித்தியாசமான பத்தை நீளத்தின் இரட்டிப்பான நூறால் வகுத்து டேன் அட்டவணையில் தேட வேண்டும், 5.71 டிகிரி. கல்லூரியில் பார்த்தாலே தலைவலி வந்த சமாச்சாரம், இங்கே கோணத்தைத் திருப்பி வைத்தால் இரும்பு பதில் சொல்கிறது. ஸ்க்ரூ வெட்டப் பழகும்போது மரையின் கோணத்தில் 55 டிகிரி விட்வொர்த், 60 டிகிரி மெட்ரிக் இரண்டையும் குழப்பிக்கொண்டேன். அது என்ன 55 என்று தேடப் போய், ஜோசப் விட்வொர்த் 1841-இல் முன்வைத்த அளவு என்று படித்தேன். அவருடைய முதலாளி ஹென்றி மாட்ஸ்லே பன்னிரண்டு வயதில் ஆயுதக் கிடங்கில் தோட்டாவுக்கு வெடிமருந்து நிரப்பும் வேலையில் சேர்ந்தவர். ஸ்க்ரூ வெட்டும் லேத்தை உருப்படியாக்கியவர்களில் முக்கியமானவர். "பார்த்தாயா, அவரும் காலேஜ் போகவில்லை" என்று நண்பனிடம் சொன்னேன். "அவர் காலத்தில் அதற்குக் காலேஜே இல்லை" என்றான். அவன் சொன்னதும் சரிதான்.

பட்டம் தேவையே இல்லை என்று மேடை போட்டுப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல். தேவைப்பட்ட இடங்கள் எனக்கு வந்தன. பட்டறையை விட்டுப் பெரிய தொழிற்சாலைக்குப் போக நினைத்தபோது, இணைய விண்ணப்பத்தில் 'பட்டம்' என்ற கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கே போக முடியவில்லை. ஒரு இடத்தில் தர ஆய்வாளர் பதவிக்கு என்னைத்தான் சொல்லியிருந்தார்கள், கடைசியில் மைக்ரோமீட்டரை நான் பிடிக்கக் கற்றுக்கொடுத்த ஒருவருக்குப் போனது, அவரிடம் பட்டம் இருந்தது. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அவர் மேல் தப்பில்லை என்று தெரிந்தும்தான்.

எனக்கு வழி திறந்தது இரண்டு விஷயத்தால். ஒன்று, மாலை நேரத் தொழிற்பயிற்சிச் சான்றிதழ். அதில் புதிதாகக் கற்றது டிராயிங் வாசிப்பது மட்டும்தான், மீதி எனக்குத் தெரிந்ததே. ஆனாலும் வாசலில் காட்ட ஒரு காகிதம் வேண்டும், அதை அது தந்தது. இன்னொன்று, நானே செய்த மூன்று ஜாப்கள். எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிப் பையிலேயே வைத்திருந்தேன்: ஒரு டேப்பர், ஒரு ஜோடி உள்-வெளி ஸ்க்ரூ, ஒரு ஸ்டெப் ஷாஃப்ட். கூடவே ஒவ்வொன்றுக்கும் டிராயிங், பக்கத்தில் நான் அளந்த அளவு, தப்பிய இடத்தில் தப்பிவிட்டது என்றே எழுதியிருப்பேன். விண்ணப்பம் போடுவதை நிறுத்திவிட்டு, புரொடக்ஷன் பார்க்கிற ஆட்களை நேரே போய்ப் பார்த்தேன். நான்காவது இடத்தில் ஒருவர் சுயவிவரத்தைத் திறக்காமலே ஸ்க்ரூவைக் கையில் எடுத்துப் போட்டுப் பார்த்தார். ஆடாமல், இறுகாமல் போனது. வெர்னியர் அளவுகோலைக் கொடுத்து, "இதில் எது அளவு தப்பு, சொல்லு" என்றார். ஸ்டெப் ஷாஃப்டின் மூன்றாவது படியைக் காட்டினேன். "காகிதத்திலேயே எழுதியிருக்கியே" என்று சிரித்தார். திங்கட்கிழமை சேர்ந்தேன்.

அங்கேதான் சி.என்.சி., புரோகிராம் சொன்னபடி தானே ஓடும் மெஷின். கைச்சக்கரம் போய் ஜி00, ஜி01 என்ற கட்டளைகள் வந்தன. ஜி00 என்றால் டூல் முழு வேகத்தில் ஓடும், ஜி01 என்றால் சீவிக்கொண்டே நகரும். சேர்ந்த இரண்டாவது மாதம் டூல் ஆஃப்செட்டில் (டூலின் இடத்தை மெஷினுக்குச் சொல்லும் எண்) ஒரு கழித்தல் குறியை விட்டுவிட்டேன். டூல் ஜி00 வேகத்தில் நேரே சக்கில் போய் மோதியது. அந்தச் சத்தத்துக்குப் பிறகு கூடத்தில் எல்லா மெஷினும் நின்றுபோனது போல இருந்தது, நிஜத்தில் என்னுடையது மட்டும்தான் நின்றது.

உடம்பு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், யாரும் சொல்வதில்லை. எட்டு மணி நேரம் நின்றால் குதிகால் பேசும். கூலன்ட் (சூட்டைத் தணிக்க ஊற்றும் திரவம்) பட்டுப் பட்டு விரல் இடுக்கில் தோல் உரியும். காதுக்கு அடைப்பான் முதல் நாளிலிருந்தே போட்டிருக்க வேண்டும், நான் போடவில்லை. முதல் இரண்டு வருடச் சம்பளம் கல்லூரி நண்பர்களிடம் சொல்கிற மாதிரி இல்லை.

இப்போது புரோகிராம் எழுதுகிறேன், நிற்பது பாதியாகக் குறைந்திருக்கிறது. போன வாரம் ஒரு புது ஜாப். முதல் பீஸை ஒவ்வொரு வரியாக நிறுத்தி நிறுத்தி ஓட்டினேன், கழற்றி மேசை மேல் வைத்தேன். பக்கத்து மெஷின் பையன் மைக்ரோமீட்டரை நீட்டினான்.

"இருடா, ஆறட்டும்" என்றேன்.